எரிக்கப்படும் ரோமம், பெருகும் பிளாஸ்டிக்

2014ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், அன்று இளவரசராகவும் பின்னர் மன்னராகவும் ஆன சார்லஸ் அவர்கள், தம் இல்லத் தோட்டத்தில் இரண்டு ஸ்வெட்டர்களை மண்ணில் புதைத்தார். ஒன்று ஆட்டு ரோமத்தால் நெய்தது. மற்றொன்று செயற்கை இழையால் ஆனது. சில மாதங்கள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது, ரோம ஸ்வெட்டர் மக்கி உருக்குலைந்து போயிருந்தது. செயற்கை ஸ்வெட்டரோ, துவைத்தால் மறுபடியும் போட்டுக்கொள்ளலாம் என்னும் அளவுக்கு அப்படியே இருந்தது.

கம்பளித் தொழிலுக்கு ஆதரவு திரட்டுவதற்காக நடந்த இயக்கம் ஒன்றின் பகுதிதான் இது. எனவே விளம்பரம் என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் செல்வமே ஆட்டு ரோமம்தான். அந்நாட்டுப் பிரபுக்கள் அவையின் தலைவர் அமரும் இருக்கை இன்றைக்கும் ஒரு கம்பளி மூட்டை! யார்க்ஷயர் பகுதியில் இருந்த சிஸ்டர்சியன் துறவு மடங்கள் ஆட்டு மந்தைகளை வைத்தே தங்கள் ஆலயங்களைக் கட்டின. அப்படிப்பட்ட நாட்டில் ரோமத்திற்காக இளவரசரே மண்வெட்டியோடு விளம்பரம் செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது?

காரணம் நாம் எல்லோரும் அறிந்ததே. 1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. 1941இல் பாலியெஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை, விலை மலிவானவை, துவைப்பதற்கு எளியவை. அடுத்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் சட்டை, போர்வை, தரைவிரிப்பு என ஒவ்வொன்றாக ரோமத்தின் கையைவிட்டுப் போயின. 2023ஆம் ஆண்டில் உலகில் உற்பத்தியான இழைகளில் பாலியெஸ்டர் மட்டும் 57 விழுக்காடு. ஆட்டு ரோமம் ஏறக்குறைய 1 விழுக்காடு.

இதில் மென்மையான மெரினோ ரோமத்திற்கு இன்னமும் நல்ல விலை உண்டு. அடிபட்டது முரட்டு ரோமம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் ஆடுகளின் மேலே முளைப்பது பெரும்பாலும் இதுதான். தரைவிரிப்பு ஆலைகள்தான் இதை வாங்கிவந்தன. 2020இல் கொரோனாவால் ஓட்டல்களும் அலுவலகங்களும் மூடப்பட்டபோது அந்தச் சந்தையும் படுத்துவிட்டது. அவ்வாண்டு பிரிட்டனில் ஓர் ஆட்டின் ரோமத்தைக் கத்தரிக்கக் கொடுத்த கூலி, அந்த ரோமத்தை விற்றுக் கிடைத்த பணத்தைவிட அதிகம். கத்தரிக்காமலும் விட முடியாது. கோடையில் ஆடு வெப்பத்தால் வாடும், ஈ மொய்த்து முட்டையிடும், புழு வைக்கும். எனவே உழவர்கள் கைக்காசைச் செலவழித்துக் கத்தரித்தார்கள். கத்தரித்ததைப் பலர் தோட்டத்து மூலையில் போட்டு எரித்தார்கள்.

ஒரு பக்கம் இப்படி எரிகிறது. மறுபக்கம் உலகம் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் செய்கிறது. அதில் மறுசுழற்சியாவது சுமார் 9 விழுக்காடுதான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில் தூக்கியெறியும் கலாச்சாரத்தைப் பற்றிப் பேசியதை நம் பங்குகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். வழக்கமாக நாம் அதைக் குப்பையோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். நல்ல பொருள் ஒன்றே குப்பையாகிப் போவதும் அதில் அடங்கும் அல்லவா?

ரோமத்தை மறுபடியும் பயனுக்குக் கொண்டுவரப் பலரும் இன்று முயல்கிறார்கள். அவற்றை எடைபோட வேண்டுமானால், ரோமம் என்பது என்ன என்று முதலில் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் தலைமுடியும் நகமும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனதுதான் ஆட்டு ரோமம். ஆனால் நம் முடிபோல் நேராக இராமல் சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு இடையே காற்று சிக்கிக்கொள்ளும். சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளியில் குளிர் தெரியாததன் இரகசியம் இதுவே. இழையின் மேற்புறம் நீர்த்துளியை உருட்டித் தள்ளும். உட்புறமோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டாலும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. இரவு முழுதும் வெளியே விரித்து வைத்தால், இழைகளின் இடுக்குகளிலும் பனி தங்கும். நீதித்தலைவர்கள் நூலில், களத்தில் கிடந்த ரோமத்தைக் கிதியோன் விடியற்காலையில் பிழிந்து ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் எடுத்தது நம் நினைவுக்கு வரலாம். அங்கே அது அருளடையாளம். ஆயினும் அடையாளத்திற்கு அவர் தேர்ந்துகொண்ட பொருளை, ஆடு மேய்க்கும் மக்கள் எவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தார்கள் என்பதும் அதில் தெரிகிறது.

இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. ரோமம் எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் உருகிச் சொட்டாமல் கருகி அணைந்துவிடும். மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரிக்கும். கெரட்டினில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். கந்தகமும் உண்டு. இரண்டும் பயிருக்கு உணவு.

இனி, இந்தக் குணங்களைக் கொண்டு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

எங்களை மிகவும் கவர்ந்தது ஒரு சாதாரணப் பெட்டி. இன்சுலின், தடுப்பூசி போன்ற மருந்துகளைக் குளிர்ச்சி குறையாமல் அனுப்புவதற்கு உலகெங்கும் தெர்மாகோல் பெட்டிகளே பயன்படுகின்றன. மீனும் அதில்தான் வருகிறது. தெர்மாகோல் என்பது காற்றை அடைத்து ஊதிய பிளாஸ்டிக். ஒருமுறை பயன்படுத்திப் போட்டால், வெள்ளை மணிகளாகச் சிதறிச் சாக்கடையில் மிதக்கும். இந்தியாவில் 2022 சூலை முதல் நாளிலிருந்து அலங்காரத்திற்கான தெர்மாகோலுக்குத் தடை உண்டு. ஆனால் பொருள்களைப் பாதுகாத்து அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகள் அத்தடைக்குள் வரவில்லை.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 2009இல் தொடங்கப்பட்ட ‘வுல்கூல்’ என்ற நிறுவனம் இதற்கு மாற்று ஒன்றைச் செய்தது. கழுவிய முரட்டு ரோமத்தை நெய்யாமல் அப்படியே மெத்தைபோல் அடர்த்தியாக்கி, மெல்லிய உறைக்குள் வைத்து, அட்டைப் பெட்டியின் உட்புறம் பொருத்தினார்கள். அவ்வளவுதான். ஐஸ் கட்டிகளோடு இறைச்சியோ மருந்தோ உள்ளே வைத்து மூடினால் குளிர்ச்சி நிலைத்து நிற்கிறது. தெர்மாகோலால் செய்ய முடியாத ஒன்றையும் இது செய்கிறது. பெட்டிக்குள் வியர்க்கும் ஈரத்தை ரோமம் குடித்துக்கொள்வதால், உள்ளே இருக்கும் பொருள் நனைவதில்லை. பெட்டி வேலை முடிந்தபின் அந்த ரோம மெத்தையை நாய்க்குப் படுக்கையாகப் போடலாம், செடியின் அடியில் விரிக்கலாம், மீண்டும் பெட்டியிலும் வைக்கலாம். உறை மட்டும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஒரு பெட்டி தெர்மாகோல் எங்கே, ஒரு மெல்லிய உறை எங்கே?

இந்தப் பெட்டியை நாங்கள் உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ரோமம் வேறு எதுவாகவும் நடிக்கவில்லை. ஆட்டின் முதுகில் செய்த வேலையைத்தான் பெட்டிக்குள்ளும் செய்கிறது.

மண்ணுக்குப் போகும் ரோமமும் அப்படித்தான். யார்க்ஷயரில் ரூபார்ப் என்ற காய்கறி பயிரிடுபவர்கள், பக்கத்துக் கம்பளி ஆலைகளின் கழிவைப் பல தலைமுறைகளாக எருவாகப் போட்டு வந்தார்கள். புதுமை என்று இன்று சொல்லப்படுவது பாதிக்குப் பாதி பாட்டன் காலத்து வழக்கம்தான்! இப்போது அதையே ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். அழுக்கு ரோமத்தைச் சிறு குச்சிகளாக அழுத்தித் தொட்டிச் செடிகளுக்கு விற்கிறார்கள். அது நீரைப் பிடித்து வைக்கும், மெதுவாக மக்கி நைட்ரஜனைக் கொடுக்கும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ‘டேல்ஃபூட்’ என்ற நிறுவனம் ரோமத்தையும் பெரணிச் செடியையும் சேர்த்து மக்க வைத்து நாற்றுமண் தயாரிக்கிறது. களை முளைக்காமல் தடுக்கத் தோட்டங்களில் கறுப்பு பிளாஸ்டிக் தாளை விரிப்பதற்குப் பதில் ரோமப் பாயை விரிக்கிறார்கள். செடிகளைக் கட்டும் கயிறு, நாற்று வளர்க்கும் தொட்டி ஆகியவையும் ரோமத்தில் வந்துவிட்டன. பருவம் முடிந்ததும் பொறுக்கி எடுக்க வேண்டியதில்லை. நிலத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகப் பிளாஸ்டிக் தாளைப் பிய்த்தெடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இத்தாலியின் பியெல்லா நகரம் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போனது. அங்குள்ள ஆய்வாளர்கள் சற்று வேறு வழியில் போனார்கள். ஐரோப்பியச் சட்டத்தின்படி, கழுவாத ரோமம் ஒரு விலங்குக் கழிவு. உழவர் தம் விருப்பப்படி வயலில் கொட்டிவிட முடியாது. எனவே அதை மூடிய கலனில் இட்டு, சுமார் 170 பாகை வெப்பத்தில் நீராவியால் வேகவைத்து, கிருமி நீக்கி, உரமாக்கும் முறையை உருவாக்கினார்கள். வேதிப்பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. ஆட்டு மந்தை இருக்கும் இடத்திற்கே இந்தக் கலனைக் கொண்டுபோகலாம் என்பது அவர்களது எண்ணம். பண்டத்தைவிட வண்டிக்கூலி அதிகமாகும் மலைநாடுகளில் இது சிறிய காரியமன்று.

நியூசிலாந்தில் நடப்பவை இன்னும் துணிச்சலானவை. அங்கே ‘லனாகோ’ என்ற நிறுவனம் ரோமத்தைக் கொண்டு காற்று வடிகட்டி செய்கிறது. நாம் கொரோனா காலத்தில் அணிந்து எறிந்த முகக்கவசங்களின் உட்படலம் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அந்த இடத்தில் ரோமத்தை வைக்கலாம் என்பது இவர்களது வாதம். ரோம இழைகளில் நிலைமின்சாரம் தங்கும், தூசியை இழுத்துப் பிடிக்கும், மூச்சும் முட்டாது. நாசாவின் ஓரியன் விண்கலத்தில், தீவிபத்து நேர்ந்தால் வீரர்கள் சுவாசிப்பதற்கான அவசரக் கருவியில் இந்த ரோம வடிகட்டி இடம்பெற இருப்பதாக 2020இல் செய்தி வெளியானது. தீயில் உருகாத குணம் அங்கே கைகொடுக்கிறது.

அதே நாட்டில் தௌரங்கா என்னும் கடற்கரை நகரில் அலைச்சறுக்குப் பலகை செய்யும் ஒருவர், வேலையின்போது தம் ரோம ஸ்வெட்டரில் பிசின் கொட்டிவிட்டதைக் கண்டு, கண்ணாடி இழைக்குப் பதில் ரோமத்தை வைத்தால் என்ன என்று யோசித்தார். 2019இல் அப்பலகை ‘ஃபயர்வயர்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. ரோமத்தையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த கத்திப் பிடிகளும் படகுகளும்கூட வந்தன. செய்தித்தாள்கள் இவற்றைத்தான் பெரிதாகப் போட்டன. எங்களுக்கு இங்கே ஒரு தயக்கம். பிசினுக்குள் அடைபட்ட ரோமம் மக்காது. பிளாஸ்டிக்கைக் குறைத்தது உண்மை, வலிமை கூடியதும் உண்மை. ஆனால் கடைசியில் மண்ணுக்கும் போகாமல், உருக்கி மறுசுழற்சி செய்யவும் முடியாமல், இரண்டுங்கெட்டானாக நிற்கும் ஒரு பொருளை மாற்று என்று சொல்லலாமா? ரோமத்திற்கு விலை கிடைக்கிறதே என்று ஆட்டுக்காரர் மகிழ்வார். அது நியாயமான மகிழ்ச்சிதான். குப்பைமேட்டின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அதே மகிழ்ச்சி இராது.

அளவையும் நாம் மறந்துவிடக் கூடாது. உலகில் ஆண்டுதோறும் கிடைக்கும் ரோமம், அழுக்கு நீக்கிய எடையில், ஏறக்குறைய 10 லட்சம் டன். பிளாஸ்டிக்கோ அதைப்போல் நானூறு மடங்கு! ஆடுகளைப் பெருக்கி இந்த இடைவெளியை நிரப்பலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆடு அசைபோடும்போது வெளிவிடும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்குகிறது. மேய்ச்சல் நிலமும் எல்லையில்லாதது அன்று. ரோமத்திற்காக ஆடு வளர்ப்பது வேறு. இறைச்சிக்காக ஏற்கனவே வளர்க்கும் ஆட்டின் ரோமத்தை எரிக்காமல் பயன்படுத்துவது வேறு. இக்கட்டுரை பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே. தெர்மாகோல் பெட்டி, களைத்தாள், நாற்றுப்பை, முகக்கவசம், தரைவிரிப்பு எனச் சில இடங்களில் ரோமம் பிளாஸ்டிக்கைவிட நன்றாகவே வேலை செய்யும். அந்த இடங்களைப் பிடித்தாலே எரியும் மூட்டைகள் குறையும்.

பிடிக்கத் தடையாக இருப்பது அறிவியல் அன்று, விலைதான். தெர்மாகோல் மலிவாக இருப்பது ஏன்? அதைச் சாக்கடையிலிருந்து அள்ளும் செலவு அதன் விலையில் சேர்வதில்லை. அந்தச் செலவை நகராட்சி, அதாவது நாம், ஏற்கிறோம். ரோமத்தின் செலவோ முழுதும் முன்னாலேயே விழுகிறது. கத்தரிக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், கொழுப்பும் மண்ணும் போகக் கழுவ வேண்டும். இங்கேதான் அரசுகளுக்கு வேலை இருக்கிறது. நியூசிலாந்து அரசு 2025 சூலை முதல் நாளிலிருந்து, அரசுக் கட்டடங்களைக் கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும், இயன்ற இடங்களில் எல்லாம் ரோமப் பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்று தன் துறைகளுக்கு ஆணையிட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு இறக்குமதி நைலான் விரிப்பு போட முடிவானபோது, சுற்றிலும் ஆடு மேயும் ஊரில் இது என்ன கூத்து என்று உழவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. 2022-23இல் இந்தியாவில் கிடைத்த ரோமம் சுமார் 3 கோடியே 36 லட்சம் கிலோ. ஏறத்தாழ பாதி இராசஸ்தானிலிருந்து வருகிறது. மென்மையான மெரினோவை நாம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறோம். தக்காணத்துக் கறுப்பு ஆடுகளின் முரட்டு ரோமத்தைக் கேட்பாரில்லை. கர்நாடகத்தின் குருபர்களும், தெலங்கானாவின் குருமர்களும், மகாராட்டிரத்தின் தங்கர்களும் அந்த ரோமத்தை நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, கையால் கம்பளி நெய்தவர்கள். சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளக்கெரே கம்பளிக்குப் பெயர்பெற்ற ஊர். மழையில் குடை, இரவில் பாய், கல்லில் உட்கார்ந்தால் மெத்தை, எல்லாமே அந்த ஒரு கம்பளிதான். பாலியெஸ்டர் போர்வை வந்ததும் வாங்குவோர் குறைந்தனர். கத்தரித்த ரோமம் காட்டிலேயே கிடந்தது. ரோமம் இல்லாத கறி ஆடுகளுக்கு மேய்ப்பர்கள் மாறினார்கள். இந்த நாட்டு ரோமத்தின் கதையைச் சொல்லும் ‘தேசி ஊன்’ என்ற அசைபடம் 2025இல் பிரான்சின் அன்னெசி திரைப்பட விழாவில் நடுவர் விருது பெற்றது.

தமிழ்நாட்டில் நாம் காணும் செம்மறிகளில் மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் ஆகியவற்றுக்கு ரோமமே கிடையாது. உடம்பை ஒட்டிய குட்டை முடி மட்டுமே. ரோமம் தருபவை கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை, திருச்சிக் கறுப்பு, நீலகிரி ஆடு ஆகியவை. நீலகிரி ஆடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டு இனங்களோடு கலந்து உருவானது. இன்று அதன் எண்ணிக்கை மிகக் குறைவு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக நிலையத்தில் அதைக் காத்து வருகிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆட்டு ரோம ஆராய்ச்சிப் பண்ணை உண்டு. சுற்றுலா போகும் நம் மக்கள் பலர் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி. அந்த மலைகளிலேயே காய்கறி நாற்றுகளும் பூச்செடிகளும் கறுப்பு பாலித்தீன் பையில் வளர்கின்றன என்பதைக் கவனிப்பவர் குறைவு.

ஆதரவு தர விரும்பி, மலையூர்க் கடைத்தெருவில் கம்பளி ஸ்வெட்டர் வாங்குவோருக்கு ஒரு சொல். அங்கே ‘கம்பளி’ என்று தொங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதுவும் பிளாஸ்டிக்தான். விலையைப் பார்த்தே ஓரளவு தெரிந்துவிடும். ஐயமிருந்தால் வீட்டுக்கு வந்து, உட்புறத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்தெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். ரோமம் என்றால் முடி கருகும் நாற்றம் வரும். தீயை விலக்கியதும் அணைந்துவிடும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிக்கொண்டே எரியும். ஆறியபின் நுனியில் நசுங்காத கறுப்பு மணி ஒன்று நிற்கும்.